நெடுஞ்சாலையில் மின்னூர்தி: செலுத்துமுறைத் தேர்வும் ஆற்றல் சிக்கனமும்

முன்னுரை

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர்க்கு ஒரு நுண்ணறிவு இருந்தது. போக வேண்டிய தொலைவு, ஏற்றிய சுமை, காளைகளின் வலிமை ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தே அவர்கள் வண்டியை விரட்டினர். நடுவழியில் காளை களைத்துப் படுத்துவிட்டால் வேறு காளைக்கு எங்கே போவது? பெட்ரோல் ஊர்திகள் வந்த பின்னர் இவ்வெண்ணம் தேவையற்றுப் போயிற்று. வழிநெடுகப் பெட்ரோல் நிலையங்கள் உள்ளன. ஐந்து நிமிடத்தில் கலன் நிறைந்துவிடுகிறது. ஆனால், மின்னூர்திகள் பெருகிவரும் இக்காலத்தில் வண்டிக்காரரின் அப்பழைய அறிவு மீண்டும் வேண்டப்படுகிறது. ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் உருவாகி நாடெங்கும் செல்கின்றன. அவற்றை உருவாக்கும் மாநிலத்தார் அவற்றைச் செலுத்தும் கலையையும் அறிந்திருத்தல் முறையன்றோ? அக்கலையின் ஒரு கூறாகிய செலுத்துமுறைத் தேர்வைத் தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுரைக்கு வித்திட்ட நிகழ்ச்சி

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, என் தமக்கையின் குடும்பத்தாரோடும் அன்னையாரோடும் சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு மின்காரில் புறப்பட்டோம். மின்கலம் முழுமையாக நிறைந்திருந்தது. தமக்கையின் கணவர் காரைச் செலுத்தினார். ‘ஈக்கோ’ என்னும் பச்சை விளக்கு முகப்பில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வேகம் 110 கிலோமீட்டர். விழுப்புரம் கடந்தபோதே எதிர்பார்த்ததைவிட மின்னேற்றம் மிகவும் குறைந்திருந்தது. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் நூற்றுக்குப் பதினைந்தே எஞ்சியது. அடுத்த மின்னேற்று நிலையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. காட்சித்திரையோ 30 கிலோமீட்டர்தான் செல்லலாம் என்றது.

“ஈக்கோவில்தானே ஓட்டுகிறேன், மாப்பிள்ளை! பிறகு ஏன் இப்படி இறங்குகிறது?” என்று அவர் வியப்போடு வினவினார். உடனே குளிர்சாதனத்தை நிறுத்தினோம். சர்க்கரை நோயுடைய அன்னையார் வியர்த்துச் சோர்ந்தார். அப்போதும் வேகத்தைக் குறைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. சிறிது நேரங்கழித்தே இடப்புறத் தடத்திற்கு ஒதுங்கி, வேகத்தை 60க்கு இறக்கினோம். அதன்பின் காட்சித்திரையில் எஞ்சிய தொலைவு, நாங்கள் கடக்கும் தொலைவைவிட மெல்லவே குறைந்தது. நிலையத்தை அடைந்தோம்.

பொத்தான் செய்யாத பணியைக் கால் செய்தது. ஏன்? அவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

செலுத்துமுறை என்பது யாது?

மின்கார்களில் பெரும்பாலும் மூன்று செலுத்துமுறைகள் அமைந்துள்ளன. ஈக்கோ எனப்படும் சிக்கன முறை, நார்மல் எனப்படும் இயல்பு முறை, ஸ்போர்ட் எனப்படும் விரைவு முறை என்பன அவை. நிறுவனந்தோறும் பெயர் சிறிது மாறும். டாட்டா நெக்ஸான் மின்காரில் ஈக்கோ, சிட்டி, ஸ்போர்ட் என்பன உள்ளன. 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான ஹூண்டாய் கோனா மின்காரில் ஈக்கோ, கம்ஃபர்ட், ஸ்போர்ட் ஆகியவற்றோடு ‘ஈக்கோ பிளஸ்’ என்னும் மிகுசிக்கன முறையும் இருந்தது.

இம்முறைகள் மாற்றுவது எதனை? முதலாவதாக, ஆக்சிலேட்டர் எனப்படும் முடுக்கியை அழுத்தும் அளவிற்கும் மின்னோடியாகிய மோட்டார் தரும் இழுவைக்கும் உள்ள தொடர்பை மாற்றுகின்றன. கால் பாதியளவு அழுத்தினால், சிக்கன முறையில் மோட்டார் மெல்ல விசை தரும். விரைவு முறையில் சட்டென்று தரும். இரண்டாவதாக, சில ஊர்திகளில் சிக்கன முறை குளிர்சாதனத்தின் செயல்பாட்டையும் தணிக்கும். மூன்றாவதாக, சில ஊர்திகளில் மோட்டாரின் உச்ச ஆற்றலுக்கோ உச்ச வேகத்திற்கோ அது வரம்பிடும். இம்மூன்றும் ஊர்தியின் எடையையோ வடிவத்தையோ சக்கரத்தின் உராய்வையோ மாற்றுவன அல்ல. இதனை மாணவர்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

ஆற்றல் எங்கே செலவாகிறது?

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும் ஊர்தி இரண்டு எதிர்ப்புகளை வெல்ல வேண்டும். ஒன்று, சக்கரத்தின் உருள் உராய்வு. இது ஊர்தியின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதும் மாறாது. மற்றொன்று, காற்றெதிர்ப்பு. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது, வேகம் இரு மடங்கானால் காற்றெதிர்ப்பு நான்கு மடங்காகும். நகரத்தெருவில் மெல்லச் செல்கையில் காற்று நமக்குப் பொருட்டன்று. நெடுஞ்சாலையிலோ அதுவே தலையாய பகையாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைச் செய்து பார்ப்போம். ஆட்களோடு 1600 கிலோ எடையுள்ள நடுத்தரக் கார் ஒன்றைக் கொள்வோம். உருள் உராய்வு எடையில் நூறில் ஒரு பங்கு. காற்றெதிர்ப்பெண்ணையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய தொகை 0.8 சதுர மீட்டர். மின்கலத்திலிருந்து சக்கரம்வரை வரும் ஆற்றலில் நூற்றுக்கு 88 பங்கு பயன்படுகிறது. குளிர்சாதனம், விளக்கு முதலியன 1 கிலோவாட் எடுக்கின்றன எனக் கொள்வோம். கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் அதே ‘யூனிட்’ ஆகும். இக்கணக்கின்படி 100 கிலோமீட்டர் செல்லத் தேவைப்படும் மின்சாரம் வருமாறு:

60 கி.மீ. வேகத்தில் – 10.7 யூனிட்
80 கி.மீ. வேகத்தில் – 13.4 யூனிட்
100 கி.மீ. வேகத்தில் – 17.2 யூனிட்
120 கி.மீ. வேகத்தில் – 21.9 யூனிட்

மின்கலத்தில் பயன்படுத்தத்தக்க ஆற்றல் 40 யூனிட் எனின், 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 298 கிலோமீட்டர் செல்லலாம், 100இல் 233, 120இல் 183 மட்டுமே. ஊர்திக்கு ஊர்தி எண்கள் மாறும்; ஆயினும் போக்கு இதுவே. விற்பனை விளம்பரத்தில் காணும் தொலைவு நெடுஞ்சாலையில் கிட்டாமைக்கும் இதுவே முதன்மையான காரணமாகும். இந்தியச் சோதனை முறையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். சோதனையின் பெரும்பகுதி நகர வேகத்தில் நிகழ்வது.

சிக்கன முறையின் பயனும் எல்லையும்

மேற்கண்ட கணக்கில் செலுத்துமுறையின் பெயர் எங்கும் வரவில்லை என்பதை நோக்குக. 100 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்ல, அக்காருக்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 14 கிலோவாட் வேண்டும். சிக்கன முறையாயினும் விரைவு முறையாயினும் அந்த 14 கிலோவாட்டைத் தந்தே ஆகவேண்டும். வேறுபாடு யாதெனில், சிக்கன முறையில் கால் சிறிது ஆழமாக அழுத்தியிருக்கும். விரைவு முறையில் சிறிது மேலே இருக்கும். மின்கலம் காலின் ஆழத்தை அறியாது. எடுக்கப்படும் ஆற்றலை மட்டுமே அறியும்.

அவ்வாறாயின் சிக்கன முறையால் பயனே இல்லையா எனின், உண்டு. நகரத்தில் நின்று நின்று செல்லும்போதும், சுங்கச் சாவடிகளிலிருந்து புறப்படும்போதும், அது காலின் அவசரத்தைத் தணிக்கிறது. வேண்டாது முடுக்கி, உடனே தடையிட்டு வீணாக்கும் பழக்கத்தைக் குறைக்கிறது. ஆகவே சிக்கன முறை ஒரு நல்லாசிரியனைப் போன்றது. மாணவன் கற்க உதவும், அவனுக்காகத் தேர்வெழுதாது. விரைவு முறையிலும் பொறுமையாக ஓட்டுபவர், சிக்கன முறையில் 110இல் பறப்பவரைவிடக் குறைவாகவே மின்சாரம் செலவிடுவார்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார் உடைய சில கார்களில், சிக்கன முறை ஒரு மோட்டாரை ஓய்வில் வைத்து மற்றொன்றால் மட்டும் ஊர்தியை இயக்கும். அத்தகைய ஊர்தியில், வேகம் மாறாதபோதும் முறை மாற்றத்தால் ஓரளவு மிச்சம் கிடைக்கும். தம் ஊர்தி எவ்வகையினது என்பதை உரிமையாளர் கையேட்டைப் படித்து அறிதல் வேண்டும்.

குளிர்சாதனத்தைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். நம் எடுத்துக்காட்டுக் காரில் 100 கி.மீ. வேகத்தில் அந்த 1 கிலோவாட்டை முற்றிலும் நிறுத்தினாலும், செலவில் நூற்றுக்கு 6 பங்குதான் குறையும். வேகத்தை 100லிருந்து 90க்கு இறக்கினால் நூற்றுக்கு 12 பங்கு குறையும். கண்ணாடிகளைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்றெதிர்ப்பு வேறு கூடும். அன்றிரவு நாங்கள் முதலில் குறைத்திருக்க வேண்டியது வேகத்தை. அன்னையாரை வியர்க்க வைத்தது அறியாமையே என்பதை இன்று நாணத்தோடு உணர்கிறேன்.

மீளாக்கத் தடை

மின்னூர்தியின் தனிச்சிறப்பு மீளாக்கத் தடை. முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஊர்தியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மின்கலத்திற்குத் திருப்பித் தருகிறது. இதன் வலிமையைச் சில ஊர்திகளில் நாமே கூட்டவும் குறைக்கவும் இயலும். நெக்ஸானின் அண்மைக்கால வடிவங்களில் சுழியம் முதல் மூன்று வரை படிகள் உள்ளன. 2017இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை நிசான் லீஃப் காரில், ஒரே மிதியால் முடுக்கவும் நிறுத்தவும் இயலும் ‘ஈ-பெடல்’ என்னும் அமைப்பு இடம்பெற்றது.

‘திரும்பிக் கிடைப்பது இலாபந்தானே, ஆதலால் எப்போதும் உச்சப் படியில் வைப்பதே நன்று’ எனப் பலர் கருதுகின்றனர். இது நகரத்திற்குப் பொருந்தும். நெடுஞ்சாலைக்கு முழுதும் பொருந்தாது. மின்கலத்திலிருந்து சக்கரத்திற்கு 88 பங்கு, சக்கரத்திலிருந்து மின்கலத்திற்கு 88 பங்கு எனக் கொண்டால், போய் வந்த ஆற்றலில் எஞ்சுவது நூற்றுக்கு 77 பங்கே. மின்கலத்தின் உள்ளிழப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். வங்கியில் இட்ட பணத்தை ஒவ்வொரு முறையும் தரகு கொடுத்து எடுப்பதைப் போன்றது இது. இயக்க ஆற்றலை இயக்க ஆற்றலாகவே வைத்திருப்பதுதான் முதற்சிக்கனம். எனவே, போக்குவரத்துக் குறைந்த நெடுஞ்சாலையில் மீளாக்கத்தைத் தாழ்ந்த படியில் வைத்து, முன்னே தொலைவில் நிகழ்வதை நோக்கி, காலை முன்கூட்டியே எடுத்து ஊர்தியைத் தானாக உருளவிடுதல் நன்று. தடையிட்டே ஆகவேண்டும் என்னும் இடத்தில் மீளாக்கத்தைப் பயன்படுத்துக.

மலைச்சாலையில் இறங்குங்கால் நிலைமை வேறு. 1600 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் உயரம் ஏற, உராய்வு முதலியவற்றிற்கு ஆகும் செலவு நீங்கலாக, 4.4 யூனிட் ஆற்றல் வேண்டும். இறங்கும்போது அதில் கணிசமான பகுதியை மீட்கலாம். ஆகவே ஏற்காட்டிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இறங்குவோர் மீளாக்கத்தை உயர்ந்த படியில் வைத்தல் வேண்டும். தடைக்கட்டைகள் சூடேறாமல் காப்பதும் அதனால் விளையும் நன்மை. ஆனால், மலையுச்சியில் மின்கலத்தை முழுமையாக நிறைத்துக்கொண்டு இறங்குதல் கூடாது. நிறைந்த குடத்தில் நீர் வார்க்க இயலாததுபோல, நிறைந்த மின்கலம் மீளாற்றலை ஏற்காது. அப்போது மீளாக்கத் தடையும் வலுவிழக்கும்.

விரைவு முறை வேண்டும் இடம்

சிக்கனத்தைப் பேசுங்கால் பாதுகாப்பை மறத்தல் ஆகாது. இருவழிச் சாலையில் நீண்ட சரக்கு லாரியை முந்தும்போது, எதிரே வரும் ஊர்திக்கும் நமக்கும் இடையிலுள்ள நேரம் சில நொடிகளே. அந்நேரத்தில் முடுக்கி மந்தமாக விடையிறுத்தால் விளைவு கொடியதாகலாம். சில ஊர்திகள் சிக்கன முறையிலும் மிதியை முழுதும் அழுத்தினால் முழு ஆற்றலைத் தரும், சில தாரா. தம் ஊர்தியின் இயல்பு தெரியாதவர், முந்துவதற்கு முன்பே இயல்பு முறைக்கோ விரைவு முறைக்கோ மாறிக்கொள்ளுதல் அறிவுடைமை. பத்து நொடி முடுக்கத்தால் செலவாகும் மின்சாரம் மிகச் சிறிது. மிச்சமாகும் மின்சாரத்தை மீண்டும் வாங்கலாம், உயிரை வாங்கவியலாது. முந்துதல் ஐயத்திற்குரியதாயின், முந்தாமல் இருப்பதே எல்லாவற்றினும் சிறந்த சிக்கனம்.

இருசக்கர ஊர்தியில் முறையின் பங்கு

மாணவர்கள் பலர் பயன்படுத்துவது மின் ஸ்கூட்டர். இங்குச் சிக்கன முறையின் பொருள் வேறு. பெரும்பாலான மின் ஸ்கூட்டர்களில் சிக்கன முறை உச்ச வேகத்தையே கட்டுப்படுத்துகிறது. ஓட்டுபவர் நிமிர்ந்து அமர்ந்திருப்பதால் ஸ்கூட்டரில் காற்றெதிர்ப்பின் பங்கு பெரிது. வேகம் குறைந்ததும் மிச்சம் கண்கூடாகத் தெரிகிறது. ஆகவே ‘ஸ்கூட்டரில் ஈக்கோ போட்டால் தொலைவு கூடுகிறதே, காரில் ஏன் கூடவில்லை?’ என்னும் வினாவிற்கு விடை எளிது. ஸ்கூட்டரில் பொத்தானே வேகத்தைக் குறைத்தது. பெரும்பாலான கார்களில் அப்பணி நம்மிடம் விடப்பட்டுள்ளது. எனினும், கனரக ஊர்திகள் விரையும் நெடுஞ்சாலையில் மிகக் குறைந்த வேகத்தில் ஸ்கூட்டரைச் செலுத்துதல் இடர் தரும். அத்தகைய சாலையைத் தவிர்த்தோ, இடப்புற ஓரச் சாலையைப் பயன்படுத்தியோ செல்க.

விரைந்து சென்றால் விரைந்து சேர்வோமா?

சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நம் எடுத்துக்காட்டுக் கார் 40 யூனிட்டுடன் புறப்பட்டு, 4 யூனிட் எஞ்சத் திருச்சியை அடைய வேண்டும் எனக் கொள்வோம். வழியில் மணிக்கு 40 யூனிட் வீதம் மின்னேற்றலாம்; சாலையை விட்டு விலகி, இணைத்து, மீண்டும் சாலைக்கு வர ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் ஆகும்.

80 கி.மீ. வேகத்தில் ஓட்டம் 4 மணி 8 நிமிடம். ஒருமுறை நின்று 8 யூனிட் ஏற்ற வேண்டும். மொத்தம் ஏறத்தாழ நான்கரை மணி. 100இல் ஓட்டம் 3 மணி 18 நிமிடம். ஒருமுறை நின்று 21 யூனிட் ஏற்ற வேண்டும். மொத்தம் 4 மணி. 120இல் ஓட்டம் 2 மணி 45 நிமிடம்; ஆனால் 36 யூனிட் ஏற்ற வேண்டும். மின்கலம் நூற்றுக்கு 80 பங்கு நிறைந்தபின் மின்னேற்றம் மிகவும் மந்தமாகும் ஆதலால், இதனை இருமுறை நின்றே ஏற்றுதல் இயலும். மொத்தம் அதே 4 மணி!

மணிக்கு 20 கிலோமீட்டர் கூடுதலாக விரைந்தும் ஒரு நிமிடமேனும் முன்னதாகச் சேரவில்லை. மின்கட்டணம் கூடியது, இடர் கூடியது, அவ்வளவே. இது கணக்கிற்காகச் சொல்லப்பட்டதேயன்றி, விதி தந்த வரம்பை மீற ஒருவர்க்கும் உரிமை இல்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும்.

காற்று வீசும் திசையையும் கருத வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ. வீசுமாயின், 80இல் செல்லும் கார் 100இல் செல்வதற்குரிய காற்றெதிர்ப்பை ஏற்கிறது. காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்துச் செல்வோர் இதனை முன்னரே கணக்கில் கொள்ளவேண்டும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

இக்கட்டுரையின் கூற்றை அப்படியே நம்பவேண்டா, ஆய்ந்து பாருங்கள். போக்குவரத்துக் குறைந்த சமதளச் சாலையில், வேகநிலைநிறுத்தியாகிய குரூஸ் கன்ட்ரோல் உதவியோடு 70 கி.மீ. வேகத்தில் 20 கிலோமீட்டர் சிக்கன முறையில் சென்று, அதே வழியில் திரும்பி வருக. பின்னர் விரைவு முறையில் அவ்வாறே செய்க. போகவும் வரவும் அளப்பதால் காற்றும் சரிவும் பெரும்பாலும் ஈடாகிவிடும். குளிர்சாதனத்தை நான்கு பயணங்களிலும் ஒரே நிலையில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, சிக்கன முறையிலேயே 90 கி.மீ. வேகத்தில், விதி இடந்தருமாயின், அளந்து ஒப்பிடுக. எண்களை ஓட்டுபவர் அல்லாமல் உடன் வருபவரே குறித்தல் வேண்டும்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். நெடுஞ்சாலையில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது வேகம். செலுத்துமுறை அதற்குப் பின்னரே. நகரத்திலும் நெரிசலிலும் சிக்கன முறையும் உயர்ந்த மீளாக்கமும் ஏற்றவை. திறந்த சாலையில் சீரான மிதவேகமும், தாழ்ந்த மீளாக்கமும், தொலைநோக்கும் ஏற்றவை. முந்துங்கால் இயல்பு முறையோ விரைவு முறையோ கொள்க. மலையிறங்குங்கால் உயர்ந்த மீளாக்கம் கொள்க. சக்கரக் காற்றழுத்தத்தைப் பயணத்திற்கு முன் சரிபார்க்க. மின்னேற்றம் குறைந்துவிட்டால், உடன் வருவோரை வெப்பத்தில் வாட்டுவதற்கு முன் வேகத்தைக் குறைக்க.

அன்றைய பயணத்திற்குப் பின் தமக்கையின் கணவர் காரை விற்றுவிடவில்லை. ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டார். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்கள் திருச்சிக்கு வந்தபோது, அன்னையார் பின்னிருக்கையில் குளிர்சாதனக் காற்றில் அயர்ந்து உறங்கியபடியே வந்து சேர்ந்தார். முகப்பில் எந்த முறை ஒளிர்ந்தது என்று வினவினேன். “நார்மல்தான் மாப்பிள்ளை; எண்பத்தைந்தைத் தாண்டவில்லை” என்றார். காளையின் வலிமை அறிந்து வண்டி ஓட்டிய முன்னோரின் அறிவு அச்சிறு விடையில் மீண்டும் உயிர்பெற்றதைக் கண்டேன். பொறி எவ்வளவு வளர்ந்தாலும், அதனைப் பயன்கொள்ளும் பொறுப்பு மாந்தரிடமே உள்ளது என்பதை இளைஞர்கள் உணர்ந்து ஒழுகுவாராக.